கோயில் பார்க்கும் யாத்திரை

சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக, பழைய கோயில்களை ஒரே நாளில் காட்டி அழைத்து வருவதாகச் சொல்லி மோட்டார் வண்டிகள் நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கின்றன. காலையில் ஏற்றிக்கொண்டு, கூடவே ஒரு வழிகாட்டியையும் அனுப்பி, மாமல்லபுரத்தையும் காஞ்சீபுரத்தையும் காட்டி, நடுப்பகலில் சாப்பாடும் போட்டு, இரவில் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுகின்றார்கள். வெளிநாட்டார் மாத்திரமல்லாமல் நம் குமாஸ்தாக்களும், உபாத்தியாயர்களும், காலேஜுப் பிள்ளைகளும் பணம் கட்டிப் போய் வருகின்றார்கள். இந்த யாத்திரைகளைப்பற்றிச் சுயமரியாதைக்காரர்களுடைய அபிப்பிராயம் என்ன என்று கேட்கப்படுமானால், நாம் தாராளமாகப் போய் வாருங்கள் என்றுதான் சொல்லுவோம்.

இதைக் கேட்டவுடன், "நாஸ்திகனுக்குக் கோயிலில் என்ன வேலை?" என்று சில ஆஸ்திக நண்பர்கள் கேலி செய்யக்கூடும். கும்பிடுகிறவனுக்குக் கோயிலில் உள்ள வேலையைவிட, யோசிக்கிறவனுக்கு அங்கே உள்ள வேலை அதிகம் என்பதே நமது பதில். கும்பிடுகிறவன் கண்ணை மூடிக்கொள்ளுகிறான். நாம் கண்ணைத் திறந்துகொண்டு போகச் சொல்லுகின்றோம். அந்தக் கல்லை உடைத்தவனும், சுமந்தவனும், செதுக்கினவனும் நம்முடைய பாட்டன் பூட்டன்மார்கள். அவர்களுடைய கைவேலையைப் பார்க்க நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்? ஆனால் கல்லைப் பார்ப்பது வேறு, கல்லைப்பற்றிச் சொல்லப்படுகிற கதையை நம்புவது வேறு. வண்டிக்காரர் காட்டுகிற கல் நிஜம். வழிகாட்டி சொல்லுகிற கதையில் எவ்வளவு நிஜம் என்பதுதான் கேள்வி.

முதலில் மாமல்லபுரத்தையே எடுத்துக்கொள்ளுவோம். அங்கே "பஞ்சபாண்டவர் ரதங்கள்" என்று ஐந்து கற்கோயில்களைக் காட்டுவார்கள். பாண்டவருக்கும் அவைகளுக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. 7-வது நூற்றாண்டில் பல்லவ ராஜாக்கள் ஒரே பாறையில் செதுக்கத் தொடங்கி, முடிக்காமலே விட்டுப்போன வேலைகள் அவை. பாண்டவர் பெயர்கள் வெகுகாலத்திற்குப் பின் வந்தவர்கள் ஒட்டி வைத்த சீட்டுக்கள். "கிருஷ்ணனுடைய வெண்ணெய் உருண்டை" என்று ஒரு பாறையைக் காட்டுவார்கள். அது மழையும் வெயிலும் காற்றும் தேய்த்து உருட்டிய கருங்கல்லே தவிர, அதில் வெண்ணெயும் இல்லை, கிருஷ்ணனும் இல்லை.

இந்தக் கோயில்களெல்லாம் அநாதியானவை என்றும் சொல்லுவார்கள். ஆனால் நமது விழுப்புரம் ஜில்லாவில் மண்டகப்பட்டு என்ற ஊரில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய ஒன்றுமே இல்லாமல் இந்தக் கோயிலை ஆக்கினேன் என்று அந்த ராஜாவே கல்லில் வெட்டி வைத்திருக்கின்றான். இது சுமார் 1,400 வருஷத்திற்கு முந்தின சமாசாரம். தான் செய்தது புதுமை என்று செய்தவனே எழுதி வைத்திருக்கும்போது, அதை அநாதி என்று சொல்ல வழிகாட்டிக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

நிற்க, இந்த யாத்திரைகளில் பௌத்தக் கோயில்களைப்பற்றியும் பேச்சு வருகின்றது. ஆனால் தமிழ்நாட்டில் பழைய பௌத்தக் கோயில் எங்கே இருக்கின்றது என்று வண்டியில் ஏறுகிறவர்கள் ஒருதரமாவது கேட்டுப் பார்க்க வேண்டுகின்றோம். சீன யாத்ரிகர் யுவான் சுவாங் கி.பி. 640-ஐ ஒட்டிக் காஞ்சீபுரத்தைப்பற்றி எழுதியபோது, அங்கே சுமார் 100 பௌத்த மடங்களும் 10,000 பிக்ஷுக்களும் இருந்ததாகக் குறித்திருக்கின்றார். நாலந்தாவில் தலைமை ஆசிரியராயிருந்த தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர். அந்த 100 மடங்களில் இன்று கூரையோடு நிற்கிற மடம் ஒன்றாவது உண்டா? காமாக்ஷியம்மன் கோயிலுக்குள்ளிருந்து கிடைத்த நின்ற கோலத்துப் புத்தர் சிலையைப்பற்றி 1915-ல் கோபிநாதராவ் என்ற ஆராய்ச்சியாளர் எழுதினார். அந்தச் சிலை இப்போது சென்னைப் பொருட்காட்சி சாலையில் இருக்கின்றது. ஏகாம்பரநாதர் கோயில் வெளிமதிலில் புத்தர் உருவங்கள் கல்லோடு கல்லாகப் பதிந்திருக்கின்றன. வழிகாட்டி மாமரத்தைக் காட்டுவார், மதிலைக் காட்டமாட்டார்.

நாகப்பட்டினத்தின் கதையோ இன்னும் தெளிவானது. முதலாம் ராஜராஜன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிஜய ராஜா அங்கே சூடாமணி விஹாரத்தைக் கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தை ராஜராஜன் விட்டுக்கொடுத்தான். இதைச் சொல்லுகிற செப்பேடு ஹாலந்து தேசத்து லெய்டன் நகரத்துக்குப் போய், அந்த ஊர்ப் பெயராலேயே வழங்கலாயிற்று. நாகையில் மிச்சமிருந்த பழைய பௌத்தக் கோபுரம் 1867-ல் கிறிஸ்தவப் பாதிரிமார்களால் சர்க்கார் அனுமதியுடன் இடித்துத் தள்ளப்பட்டது. பூமிக்கடியில் புதைந்து கிடந்த சுமார் 350 பௌத்த விக்கிரகங்கள் 1856 முதல் சிறிது சிறிதாகத் தோண்டி எடுக்கப்பட்டன. திருமங்கையாழ்வார் நாகையிலிருந்த பொன் புத்தரைக் களவாடி ஸ்ரீரங்கத்துத் திருப்பணிக்குச் செலவிட்டார் என்று வைஷ்ணவ குருபரம்பரை நூல்களே பெருமையாகச் சொல்லிக்கொள்ளுகின்றன. இது நடந்ததோ நடக்கவில்லையோ, திருட்டைப் பக்தியாக்கிப் புகழ்கிற மனப்பான்மை நிஜந்தானே?

களவாட முடியாததை விழுங்கிவிடுவது மற்றொரு வழி. மாமல்லபுரத்து ஆதிவராகக் குகையில் தசாவதாரங்களை வரிசையாகச் சொல்லும் வடமொழிக் கல்வெட்டு ஒன்று இருக்கின்றது. அதில் புத்தரும் ஓர் அவதாரம்! வேத யாகங்களை மறுத்தவரை வேதத்துக்குரிய விஷ்ணுவாகவே ஆக்கிவிட்டால் அப்புறம் சண்டை ஏது? எதிர்த்தவனை முதலில் பழிப்பது, பழிப்புப் பலிக்காவிட்டால் பூசை போடுவது என்பதே புராணக்காரர்களுடைய பழைய தந்திரமாகும்.

இதற்கு நமது காலத்திலேயே கோர்ட்டுச் சாக்ஷியும் உண்டு. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று ஒரு சாமியை வெகுகாலமாக ஜனங்கள் கும்பிட்டு வந்தார்கள். அது புத்தர் சிலை என்று 2011-ல் வழக்குத் தொடரப்பட்டது. ஹைகோர்ட்டு உத்தரவின்பேரில் தொல்பொருள் இலாகா நிபுணர்கள் போய், மேலே அப்பியிருந்தவைகளைத் துடைத்துப் பார்த்தார்கள். தாமரைப் பீடமும், தியானத்தில் மடியில் வைத்த கைகளும், சுருண்ட தலைமயிரும், நீண்ட காதுகளும் தெரிந்தன. அது புத்தரே என்றும், முனியப்பன் என்று பூசை செய்வது தகாது என்றும், சிலையைத் தொல்பொருள் இலாகா எடுத்துக்கொள்ள வேண்டுமென்றும் 2022 ஜூலையில் சென்னை ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. எதையும் விசாரித்துப் பார்த்து ஒப்புக்கொள் என்று சொன்னவருக்கு முன், யாரென்றே விசாரிக்காமல் இத்தனை காலம் கும்பிடு நடந்திருக்கின்றது! கும்பிட்ட ஏழை ஜனங்கள் மீது நமக்குக் கோபமில்லை. அவர்களுக்கு எழுத்தையும் சரித்திரத்தையும் எட்டவிடாமல் வைத்திருந்த ஏற்பாட்டின் மீதுதான் நமது கோபம்.

இதனால் நாம் எல்லோரையும் பௌத்தராகச் சொல்லுகின்றோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. விஹாரங்களும் ராஜாக்கள் கொடுத்த கிராமங்களைத் தின்றுதான் வளர்ந்தன. மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசம் என்ற நாடகத்தில் காபாலிகனோடு பௌத்த பிக்ஷுவும் சேர்ந்தே பரிகசிக்கப்படுகின்றான். தன்னைக் கும்பிடச் சொல்லாத புத்தரின் பல்லுக்குக் கோயில் கட்டிக் கண்டியில் உற்சவம் நடக்கின்றது. எந்தப் பெரியவரையும் கல்லாக்கிவிட்டால் அவர் சொன்ன வார்த்தையும் கல்லோடு அடங்கிவிடும் என்பதே இதிலுள்ள பாடம்.

இது நிற்க, மேற்படி வண்டிகள் நிற்காமல் ஓடிப்போகிற ஊர் ஒன்று வழியிலேயே இருக்கின்றது. அதுதான் மரக்காணம். 2,000 வருஷத்திற்கு முன் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய நூலில் காணப்படும் சோபட்மா என்ற துறைமுகம் இதுதான் என்று பல ஆராய்ச்சியாளர்கள் கருதுகின்றார்கள். இங்கே சோழர் காலத்துக் கல்வெட்டுக்களோடு பூமீஸ்வரர் கோயில் நிற்கின்றது. சோழர் காலத்திலேயே மரக்காணம் உப்பு விளைந்த ஊர். அந்தக் காலத்து வரிகளில் உப்பாயம் என்று உப்புக்கே ஒரு வரி இருந்தது. ராஜாவின் பெயர் கல்லில் இருக்கின்றது, சாமியின் பெயர் கல்லில் இருக்கின்றது. உப்பு வாரினவன் பெயர் எந்தக் கல்லில் இருக்கின்றது?

அந்தத் தொழில் இன்றும் நின்றுவிடவில்லை. சாலையிலிருந்து பார்த்தாலே வெள்ளைக் குவியல்கள் தெரியும். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புத்தான் இருக்கின்றது. ஆகவே ஒரு டன் உப்புக்குச் சுமார் 30 டன் நீர் வெயிலில் வற்றியாக வேண்டும். பாத்தி பாத்தியாக நீரை மாற்றி, தடிப்பேற்றி, கடைசிப் பாத்தியில் பூத்த உப்பை ஆணும் பெண்ணும் காலில் வெடிப்போடு வாரிக் குவிக்கின்றார்கள். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கின்றது. ஐப்பசி மழை வந்தால் பாத்தியும் போச்சு, கூலியும் போச்சு. இதில் வருண பகவானுக்கு வேலை ஒன்றுமில்லை. வெயிலும் காற்றும் மனிதன் கையுமே உப்பாகின்றன. யாத்ரிகர்கள் சாப்பிட்ட நடுப்பகல் சாப்பாட்டில் இந்த உப்பு இருந்திருக்கலாம், ஆனால் பார்க்கவேண்டிய இடங்களின் ஜாபிதாவில் உப்பளம் இல்லை.

மரக்காணத்திலிருந்து மேற்கே போனால் திருவக்கரை. அங்கே மண்ணிலிருந்து வெளிப்பட்டுக் கிடக்கும் பெரிய கல்துண்டுகளை, சாமியால் கொல்லப்பட்ட வக்கிராசுரனுடைய எலும்புகள் என்று கதை சொல்லி வந்தார்கள். சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781-ல் அவற்றைப்பற்றி எழுதினார். 1940-ல் பூகர்ப்ப இலாகா அந்த இடத்தைப் பாதுகாப்பில் கொண்டுவந்தது. அவை சுமார் 2 கோடி வருஷத்திற்கு முந்தின மரங்கள். மண்ணில் புதைந்த மரத்துக்குள் நீரோடு மணற்சத்து ஊறி, மரமே கல்லாகிவிட்டது. வேரும் கிளையும் இல்லாமல் அடிமரமே கிடப்பதால், வெள்ளம் இவைகளை அடித்துக்கொண்டுவந்து புதைத்தது என்று அறிகின்றார்கள். ஒரே கல்லுக்கு இரண்டு கதை. ஒன்றுக்குச் சாக்ஷி கேட்டால் பாவம் என்பார்கள். மற்றொன்றுக்குச் சாக்ஷி கேட்டால், இதோ தொட்டுப் பார் என்று காட்டுவார்கள். எதை நம்புவது என்பதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேண்டுமா?

கடைசியாக, முக்கியமான ஒரு விஷயம். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலில் டிக்கட்டு வாங்கினவன் எவனும் உள்ளே போகலாம். என்ன ஜாதி என்று கேட்பாரில்லை. ஏன்? அங்கே பூசை இல்லை, தொல்பொருள் இலாகாவின் காவல்காரன்தான் இருக்கின்றான். ஆனால் இதே விழுப்புரம் ஜில்லாவில் மேல்பாதி கிராமத்துத் தருமராஜா திரௌபதி அம்மன் கோயிலில், 2023-ல் திருவிழாவின்போது உள்ளே போன ஆதிதிராவிடர்கள் அடித்துத் துரத்தப்பட்டார்கள். தகராறு முற்றி அவ்வருஷம் ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் பூசைக்கு மாத்திரம் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில்தான், கோர்ட்டு உத்தரவும் போலீஸ் காவலும் சேர்ந்து, அவர்கள் உள்ளே போனார்கள். கோயில் பிரவேசச் சட்டம் வந்தது 1947-ல்! சாமி செத்த கோயிலில் மனிதனுக்கு மரியாதை இருக்கின்றது, சாமி உயிரோடிருப்பதாகச் சொல்லும் கோயிலில் மனிதனுக்கு அடி விழுகின்றது என்றால், எந்தக் கோயில் மேலானது என்று வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

ஆகவே தோழர்களே! ஊர்தோறும் உள்ள நமது சங்கத்தார் பத்துப் பேர் சேர்ந்து வாடகைக்கு ஒரு வண்டி பிடியுங்கள். காலையில் மரக்காணம் உப்பளத்தில் இறங்கி அங்கே வேலை செய்கிறவர்களோடு பேசுங்கள். பூமீஸ்வரர் கோயில் சுவரில் எழுத்தைப் பாருங்கள். திருவக்கரைக் கல்மரத்தைத் தொட்டுப் பாருங்கள். சாயங்காலம் மாமல்லபுரத்தில் கல்தச்சன் உளி பட்ட இடத்தைப் பாருங்கள். பெண்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இதைக் கட்டினது யார்? கூலி கொடுத்தது யார்? உள்ளே விடப்படாதவர் யார்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்த வழிகாட்டி கிடைத்தால் அவருக்குக் கேட்ட கூலிக்கு மேலேயே கொடுங்கள். கிடைக்காவிட்டால், திரும்பி வருவதற்குள் உங்களில் ஒருவரே அந்த வழிகாட்டியாகிவிடுங்கள்.