பனியும் தொட்டிலும்



2018ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் உரோமை நகரில் பனி பொழிந்தது. அந்நகருக்குப் பனி அரிதான விருந்தாளி. பள்ளிகள் மூடப்பட்டன, வாகனங்கள் ஓய்ந்தன. புனித பேதுரு சதுக்கத்தில் குருக்களும் குருமாணவரும் பனியை உருட்டி எறிந்து சிறுவரைப்போல் விளையாடினர். புதிதாய் விழுந்த பனித்துகள்களுக்கிடையே காற்று தங்கியிருப்பதால் அது ஓசையை உறிஞ்சிக்கொள்கின்றது. எனவே இரைச்சல் மிகுந்த நகரமும் பனி பெய்ததும் மௌனம் பூணுகின்றது.

அதே உரோமையில் புனித மரியன்னைப் பெருங்கோவில் உள்ளது. திருத்தந்தை லிபேரியுஸ் காலத்தில் (352-366), பிள்ளைப்பேறற்ற உயர்குடித் தம்பதியர் தம் செல்வத்தை அன்னைக்குக் காணிக்கையாக்க விரும்பினர் என்றும், ஆகஸ்டு மாத வெப்பத்தில் குன்றின்மேல் பெய்த பனி ஆலயத்திற்குரிய இடத்தைக் காட்டிற்று என்றும் மரபு கூறும். 431இல் எபேசு பொதுச்சங்கம் மரியாவை இறைவனின் தாய் என அறிக்கையிட்டபின், திருத்தந்தை மூன்றாம் சிக்ஸ்துஸ் (432-440) இன்றைய கோவிலை எழுப்பினார் என்பது வரலாறு. தூத்துக்குடியில் பனிமய மாதா என நாம் வணங்கும் அன்னை இவரே. பெத்லகேம் தொட்டிலின் மரத்துண்டுகள் எனப் போற்றப்படுபவையும் அக்கோவிலிலேயே உள்ளன. பனியும் தொட்டிலும் ஒரே கூரையின்கீழ்!

முதற்குழந்தை பிறந்த இல்லமும் பனி பெய்த நகரம் போன்றதே. வழக்கமான ஓட்டம் நின்றுவிடுகிறது. உரத்துப் பேசிய தந்தை குரல் தாழ்த்துகிறார். உறங்கும் மகவின் மூச்சையே வீடு முழுவதும் கவனிக்கிறது. இது இறைவன் தரும் அமைதி; விருந்து, கடன், ஆடம்பரம் ஆகியவற்றால் அதனைக் கலைத்துவிடாதீர்கள்.

ஆனால் பனிக்கு அழகு மட்டுமன்று, குளிரும் உண்டு. இரண்டு மூன்று மணிக்கொருமுறை பாலூட்டி, உறக்கமிழந்த இளந்தாய் காரணமின்றிக் கண்ணீர் விடுவாள். பிரசவத்திற்குப் பின் முதல் நாள்களில் இது பலருக்கும் நேர்வது. அதைச் சோம்பல் என்றோ, பிள்ளைமேல் பாசமின்மை என்றோ, தீய ஆவியின் வேலை என்றோ பழிப்பது அநீதி. இரு வாரங்களுக்குப் பின்னும் துயரம் நீடித்தால் அது நோய், பாவமன்று. செபியுங்கள், அத்தோடு தயங்காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தன்னையோ குழந்தையையோ பற்றி அவள் அஞ்சத்தக்க சொல் எதுவும் சொன்னால் ஒரு நாளும் காத்திராதீர்கள்.

மாமியாரே, பேரனா பேத்தியா என்று கேட்குமுன், "சாப்பிட்டாயா, அம்மா?" என்று மருமகளைக் கேளுங்கள். இளந்தந்தையே, புனித சூசையப்பர் பேசிய சொல் ஒன்றுகூட நற்செய்தி நூல்களில் இல்லை. எனினும் இரவோடு இரவாக எழுந்து பிள்ளையையும் தாயையும் எகிப்துக்கு அழைத்துச் சென்றவர் அவரே. இன்றிரவு குழந்தை அழும்போது நீரும் எழுந்திரும். உம் மனைவி சற்றே உறங்கட்டும். அவ்வேளையில் உம் கரங்களில் தவழும் பாரமே உமது செபமாகும்.