கட்டினால் மட்டும் போதுமா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பார்கள் நம் பெரியவர்கள். சிவில் படிக்கும் நான் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வேன்: கட்டினதைக் காப்பாற்றிப் பார்!

இதற்கு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்திலிருந்து ஒரு சாட்சி சொல்கிறேன். மெர்சி ஆற்றின் படகுத்துறைக்குப் பக்கத்தில், தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களில் நின்றது பியர் ஹெட் ரயில் நிலையம். இன்று அது இல்லை. அந்த நிலையம் மட்டுமா? அதைத் தாங்கிய உயர்மட்ட ரயில்பாதையே இல்லை!

அது சாதாரணப் பாதையும் இல்லை, நண்பர்களே. 1893 பிப்ரவரி 4-ல் முன்னாள் பிரதமர் சாலிஸ்பரி பிரபு திறந்துவைத்தார். உலகத்திலேயே மின்சாரத்தில் ஓடிய முதல் உயர்மட்ட ரயில் அதுதான். ரயிலே தன் சிக்னலை மாற்றிக்கொண்டு போகும் தானியங்கி ஏற்பாடு அப்போதே இருந்தது. டக்ளஸ் ஃபாக்ஸும் ஜேம்ஸ் கிரேட்ஹெட்டும் அதன் எஞ்சினீயர்கள். நல்ல காலத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கோடிப் பேர் அதில் போனார்கள். 1941-ல் விழுந்த ஜெர்மன் குண்டுகளையும் தாங்கி, பழுது பார்த்து மறுபடி ஓடியது.

குண்டுக்குத் தப்பியதைக் கொன்றது எது தெரியுமா? துரு!

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மேலே மின்சார ரயில். அதன் அடியில், தரையில், துறைமுகத்தின் சரக்கு ரயில். அதை இழுத்தவை நீராவி எஞ்சின்கள். மேல்பாதையின் தளமோ வளைந்த இரும்புத் தகடுகளால் ஆனது, தண்ணீர் ஒழுகாது. கீழே போகிறவன் தலையில் மழையோ எண்ணெயோ சொட்டக் கூடாது என்ற நல்ல எண்ணம். துறைமுகத் தொழிலாளிகள் மழைக்கு அதன் அடியில் நடந்தார்கள். 'தொழிலாளியின் குடை' என்றே பேர் வைத்தார்கள். ஆனால் மேலிருந்து மழையை விடாத குடை, கீழிருந்து புகையையும் மேலே போக விடவில்லை. நிலக்கரிப் புகையில் கந்தகம், கூடவே நீராவி. இரண்டும் சேர்ந்தால் அமிலம் என்பது முதலாம் ஆண்டு கெமிஸ்ட்ரி! 60 வருஷம் அது இரும்பை அரித்துக்கொண்டே இருந்தது.

1945-க்குப் பிறகு கம்பெனி சில பெட்டிகளைப் புதுப்பித்து, தானாகத் திறக்கும் கதவுகள் போட்டது. பயணிக்குக் கதவு தெரியும். காலடித் தகடு தெரியுமா? 1955-ல் ஆய்வு நடத்தியபோது, தளத்தைச் சரிசெய்ய சுமார் 20 லட்சம் பவுண்டு வேண்டும் என்றார்கள். 1948-ல் பிரிட்டிஷ் ரயில்வே அரசுடைமையானபோது இது தனியார் பாதையாகவே விடப்பட்டது. அதனால் அரசு கஜானாவும் கை கொடுக்கவில்லை. நகரசபையும் துறைமுக வாரியமும் உதவவில்லை. 1956 டிசம்பர் 30-ல் கடைசி ரயில் ஓடியது. 1957 செப்டம்பரில் இடிக்க ஆரம்பித்தார்கள்.

"காலம் மாறிப்போச்சு, பஸ் வந்தாச்சு, அது எப்படியும் போயிருக்கும்" என்று சிலர் சொல்லலாம். பின்னால் அந்தத் துறைமுகமே நொடித்தது உண்மைதான். ஆனால் மூடிய நாளில் அந்தப் பாதைக்கு ஆள் இல்லாமல் போகவில்லையே! அதில் போனவர்கள் கீழே நெரிசல் சாலையில் பஸ்ஸுக்கு நின்றார்கள். அதே நகரம் 1970-களில் நகர மையத்தில் ரயிலுக்காகப் புதுசாகச் சுரங்கம் தோண்டியது. ரயில் வேண்டாத ஊரா அது? இருந்ததைப் பேணாமல் இழந்த ஊர் என்பதுதான் என் கருத்து.

இன்று பியர் ஹெட்டில் லிவர்பூல் அருங்காட்சியகம் இருக்கிறது. அதில் அந்த ரயிலின் ஒரே ஒரு பெட்டியை உயரத்தில் நிறுத்திக் காட்டுகிறார்கள். ஊரைச் சுமந்த வண்டி, இன்று வேடிக்கைப் பொருள்!

தோழர்களே, நாம் டிப்ளமாக்காரர்கள். டிசைன் என்றால் காலரைத் தூக்கிக்கொள்கிறோம். மெயின்டனன்ஸ் என்றால் முகம் சுளிக்கிறோம். ஆனால் நாளைக்கு சுத்தியலும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு பாலத்துக்கு அடியில் போகப்போவது யார்? நாம்தான்! ரிப்பன் வெட்டும் விழாவுக்கு நம்மை யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாவிட்டால் போகட்டும். அடியில் கிடக்கும் துருவை முதலில் பார்க்கப்போகிறவன் ஜூனியர் எஞ்சினீயர். பார்த்ததை எழுதி வைக்க வேண்டும். மேலதிகாரி கேட்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வருஷா வருஷம் கொஞ்சமாகச் செலவு செய்யச் சொன்னால் முணுமுணுப்பார்கள். சொல்லாமல் விட்டாலோ, ஒருநாள் 20 லட்சம் பவுண்டு கேட்க வேண்டி வரும். அன்றைக்குக் கொடுக்க ஆள் இருக்காது.

கட்டுகிறவனுக்குக் கல்வெட்டு உண்டு. காப்பாற்றுகிறவனுக்குக் கல்வெட்டு இல்லை. ஆனால் அவன் இருந்தால்தான் அந்தக் கல்வெட்டே நிற்கும்!