சுவருக்குள்ள பைப்பைப் புதைக்காதேங்கோ

2016ஆம் ஆண்டளவில் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் தரப்போகிறோம் என்று அரசாங்கம் வெளிக்கிட்டபோது பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. அதற்கு முன் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஐந்தரை இலட்சம். காசுக் கணக்கோடு இன்னொரு கேள்வியும் எழுந்தது: பழுதுபட்டால் இதை எங்கட ஊர் மேசன் திருத்துவாரா? நல்ல கேள்வி. அதே கேள்வியை எங்கட கல்வீட்டுக் குளியலறையைப் பார்த்து ஏன் ஒருத்தரும் கேட்கிறதில்லை?

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இப்ப கட்டுற வீடுகளைப் பார்க்கிறோம். கைகழுவுற பேசினிலிருந்து வாற கழிவுக் குழாயை, நாலங்குலக் கல்லுச் சுவரை வெட்டி உள்ளே புதைத்து, மேல ரைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். பைப் வெளியில தெரிஞ்சால் வடிவில்லையாம். ஒன்றரை அங்குலக் குழாய் போக வெட்டினால் அந்தச் சுவரில் மிஞ்சுவது எவ்வளவு?

கழிவுக் குழாயில் அமுக்கம் இல்லை. அதனால் பசை பூசாமல் செருகின மூட்டும், நெருப்பில வாட்டி வளைச்ச பைப்பும் முதல் நாள் நல்லாத்தான் இருக்கும். மாதக்கணக்காகச் சொட்டுச் சொட்டாய் ஊறி, பக்கத்து அறைச் சுவரில் பெயின்ற் பொருமி உப்புப் பூத்த பிறகுதான் விசயம் வெளியில வரும். அப்பவும் மழை ஈரம் என்று சமாளிப்பம். (ஆவணி வெயிலில வன்னியில என்ன மழை!)

நல்ல ஆளைப் பிடிச்சிருந்தால் ஒழுகாது என்று சொல்லுவினம். நல்ல ஆள் வைச்ச மூட்டும் ஒருநாள் விடும். தலைமயிரும் சவர்க்கார அழுக்கும் யார் பூட்டின பைப்பையும் அடைக்கும். மேசனில பழி போடுறது லேசு. குழாய் வேலையை முறையாகப் படிக்க அவர்களில் பலருக்கு வாய்ப்பே கிடைக்கேல்லை. கடைசியில் ரைல்ஸை உடைக்கிற செலவு, நுண்கடன் எடுத்து வீட்டை முடிச்ச பெண்ணின் தலையில்தான் விழுகிறது. அதே நிற ரைல்ஸ் கடையிலயும் கிடைக்காது.

ஏற்கெனவே புதைச்சாச்சு எண்டால் அவசரப்பட்டு உடைக்காதேங்கோ. ஒரு இரவு எல்லாப் பைப்பையும் பூட்டி, மோட்டரையும் போடாமல், தாங்கியில தண்ணி மட்டத்தை அடையாளம் பண்ணுங்கோ. விடிய இறங்கியிருந்தால் தண்ணி வாற குழாயில் ஒழுக்கு. இறங்கேல்லை, ஆனால் பேசினைப் பாவிச்ச பிறகு சுவர் நனையுது எண்டால் கழிவுக் குழாயைத்தான் சந்தேகிக்கவேணும். அப்ப சுவரைப் பின்பக்கத்தால உடையுங்கோ. சீமெந்தைத் திரும்பப் பூசலாம், ரைல்ஸை ஒட்டவைக்க ஏலாது. வெடிப்புக்கு மேல பசை தடவுறது வீண்வேலை. பழுதான துண்டை வெட்டி எடுத்து, முனைகளைத் துடைச்சுக் காயவிட்டு, புதுத் துண்டை சொக்கட் போட்டு ஒட்டவேணும். பேசினை நிரப்பித் திறந்துவிட்டுப் பார்க்காமல் மூடவே கூடாது. மூடுறதுக்கும் சீமெந்து வேண்டாம் என்கிறோம் நாங்கள். திருகாணி போட்ட ஒரு பலகை காணும்.

புதிசாக் கட்டுறவை பேசினை வெளிச்சுவரோட வையுங்கோ. குழாயை நேரே சுவரைத் துளைச்சு வெளியில எடுத்து, கிளிப் அடிச்சு இறக்கலாம். வடிவில்லை எண்டால் சுவருக்கு அடிக்கிற பெயின்ரையே பைப்புக்கும் அடியுங்கோ. வெயிலில அது பழுதாகாமல் இருக்கவும் உதவும்.