பெயர் சொல்லும் சிறு மான்

சிவபெருமானின் திருக்கரத்தில் துள்ளும் நிலையில் விளங்குவது மான்மறி. தாருகாவனத்து முனிவர்கள் வேள்வித்தீயினின்று ஏவிய மானை இறைவன் கையில் ஏந்தி அருளினான் என்பது புராணம். அஞ்சி ஓடும் எளிய உயிருக்கும் அவன் கரத்தில் இடமுண்டு என்பதே இதன் உட்பொருளாகக் கொள்ளத்தக்கது.

ஆண்மானைக் கலை என்றும், பெண்மானைப் பிணை என்றும், குட்டியை மறி என்றும் பகுத்து வழங்கியது தமிழ். பிற நாட்டாரும் பெயரிடுவதில் நுட்பம் காட்டினர். கிழக்கு ஆப்பிரிக்காவில் முயலினும் சற்றே பெரிய மான் ஒன்று வாழ்கிறது. ஆபத்தைக் கண்டதும் அது எழுப்பும் ஒலியே அதற்கு 'டிக்-டிக்' என்னும் பெயரைத் தந்தது. 'கா கா' எனக் கரையும் பறவையை நாம் காக்கை என்பது போன்றதே இது.

தருமபுரி மாவட்டத்தின் காவிரிக் கரைக் காடுகளிலும் ஒரு சிறு மான் உண்டு. அதற்குப் பெயர் தந்தது ஒலியன்று, உருவம். நாற்கொம்பு மான் என்பது அதன் பெயர். வடநாட்டார் 'சௌசிங்கா' என்பர். 'டெட்ராசெரஸ் குவாட்ரிகார்னிஸ்' என்பது அறிவியல் பெயர். முற்சொல் கிரேக்கம், பிற்சொல் லத்தீன். இரண்டின் பொருளும் நான்கு கொம்பு என்பதே.

தோள் வரை சுமார் 60 சென்டிமீட்டர் உயரமும், ஏறக்குறைய 20 கிலோ எடையும் உடையது இம்மான். கலைக்கு மட்டுமே கொம்புகள் உண்டு. செவிகளுக்கிடையே இரண்டு நீண்டும், நெற்றியில் இரண்டு குறுகியும் இருக்கும். புள்ளிமானின் கொம்பைப் போல் இவை கிளைப்பதில்லை, உதிர்வதுமில்லை. ஆடு மாடுகளின் சுற்றத்தைச் சேர்ந்த காட்டு விலங்குகளுள் நான்கு கொம்பு உடையது இது ஒன்றே.

கூட்டம் சேராது தனித்து வாழும் இது, நீர்நிலையை விட்டு நெடுந்தொலைவு செல்லாது. ஆதலின் நீர் வற்றினாலும் மாசுபட்டாலும் இதன் வாழ்வு இடர்ப்படும். 2022ஆம் ஆண்டு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளை உள்ளடக்கி அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் இதற்கும் புகலிடமாகிறது.

ஆடிப்பெருக்கிற்கு ஒகேனக்கல் செல்லும் அன்பர்கள் பென்னாகரம் கடந்ததும் கானகத்தின் வழியேதான் பயணம் செய்கின்றனர். அங்கே வாகனத்தை மெல்லச் செலுத்துவதும், உணவுப் பொட்டலங்களையும் நெகிழிப் பைகளையும் வழியில் எறியாதிருப்பதும், பழைய துணிகளை ஆற்றில் விடாதிருப்பதும் வழிபாட்டின் பகுதியே ஆகும். காவிரியன்னையின் நீர் நாம் நீராடுவதற்கு மட்டும் உரியதன்று. ஆண்டவன் கையில் ஏந்திய உயிரின் சுற்றத்தை, அடியார் காலடியில் வருந்த விடலாகாது.