எடுத்த குரல் இறங்குவது ஏன்?

தேசிய கீதத்தின் முதலடி எழும்போது பள்ளி முற்றமே அதிரும். பாட்டு இடையில் மேலேறத் தொடங்கியதும் முன்வரிசைப் பிள்ளைகள் நால்வர் மட்டும் பாட, ஏனையோர் வாயசைப்பர். அட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் இக்காட்சியை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

குரல் வளம் அற்றவர்களா இப்பிள்ளைகள்? மாசி மாதத்தில் காமன் கூத்தைக் கேட்டவர் அவ்வாறு சொல்லார். தப்பின் முழக்கத்தையும் மீறித் திறந்த வெளியில் இரவெல்லாம் பாடுவோரின் மக்கள் அல்லவா இவர்கள்!

குற்றத்திற் பாதி எடுத்துக் கொடுப்பவரைச் சாரும். ஆண்குரலுக்கு ஒரு கட்டையோ ஒன்றரைக் கட்டையோ இசையும். பெண்களுக்கும் சிறுவர்க்கும் ஐந்து, ஐந்தரை வேண்டும். ஆசிரியர் தமக்கு இசைந்த சுருதியில் தொடங்கிவிடுகிறார். அதனைப் பிடிக்கப் பிள்ளைகள் தாழ்ந்தால் குரல் கிட்டுவதில்லை; ஒரு தாயி மேலே தாவினால் உச்ச இடங்கள் எட்டுவதில்லை. பாட்டில் மிக உயர்ந்த அடியை முதலில் மெல்லப் பாடுவித்து, அது வருத்தமின்றி வரும் சுருதியைக் கண்டு, அதன்பின் தொடக்கத்துக்கு வருவதே முறை. குரல் உடையும் பருவத்துப் பையன்களைக் கீழ்த்தாயியில் விட்டுவிட வேண்டும்.

உயரப் பாடுதல் வேறு, கத்துதல் வேறு. குரல்நாண்கள் நீண்டு இறுகி விரைந்து அதிர்வதால் சுரம் உயர்கிறது. வெறுங்கூச்சலால் தொண்டை புண்ணாவதே மிச்சம். நுவரெலியாவோ கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,870 மீற்றர் மேலே இருப்பது. பெப்ரவரி விடியலில் அங்குப் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. அக்குளிரில் நடந்து வந்த பிள்ளையை, வாய்மூடி ஐந்து நிமிடம் சுரம் பிடிக்கவும் விடாமல், உடனே உச்சத்துக்கு ஏறு என்பது என்ன நியாயம்?

மற்றப் பாதி தொண்டையைச் சேர்ந்ததன்று.

ஆனந்த சமரக்கோன் 1940-இல் இயற்றிய இப்பாடல் 1951-இல் தேசிய கீதமாக ஏற்கப்பெற்றது. பண்டிதர் மு. நல்லதம்பி அதே மெட்டில் அதைத் தமிழாக்கினார். ஆனால் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களிற் பெரும்பாலோர் அப்போது நாடற்றவராய் இருந்தனர். 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. 1964-இல் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. 'தாயே' என்று விளித்துப் பாட நின்ற பிள்ளையின் தந்தை, அத்தாய் தம்மை ஏற்பாளோ கப்பலேற்றுவாளோ என்று அறியாதிருந்த காலம் அது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. பாட்டன் அடக்கிப் பாடியதைப் பேரன் ஒரே நாளில் ஓங்கிப் பாடிவிடுவானா?

தமிழிற் பாடலாமா என்ற ஐயமும் விட்டபாடில்லை. தமிழ் வடிவம் நிறுத்தப்படும் என்று 2010-ஆம் ஆண்டு இறுதியில் எழுந்த செய்தி ஆசிரியர் பலரைத் தயங்க வைத்தது. 2016-இல் காலிமுகத்திடல் சுதந்திர தின விழாவில் கீதம் தமிழிலும் ஒலித்தது; 2020-ஆம் ஆண்டுக் கொழும்பு விழாவிலோ சிங்களத்தில் மட்டும். பெரியவர்களே ஒரு நிலையில் நில்லாதபோது சிறுவர் குரல் நடுங்குவதில் வியப்பென்ன?

எனினும் 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில், மூன்றாம் அட்டவணையில், இக்கீதம் முழுவதும் தமிழிலேயே அச்சாகியிருக்கிறது. அப்பக்கத்தை ஒரு முறையேனும் கண்ட மாணாக்கர் எத்தனை பேர்? ஒத்திகைக்கு முதல் நாள் ஆசிரியர் அதனை வகுப்புக்கு எடுத்துவந்து, கடைசி வாங்கில் இருப்பவன் கையிற் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லலாம். சுருதியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.