தனியாகப் பேசுவது யாருக்குச் சௌகரியம்?

"நமக்குள்ள பேசித் தீர்த்துக்கலாம், வெளியே கொண்டு போகாதீங்க."

கோயில் நிர்வாகத்திலிருந்து இலக்கிய அமைப்புவரை நாம் கேட்டு வளர்ந்த வசனம் இது. பேசுவார்கள், தீராது. அதனால்தான் ஒரு பெண் இணையத்தில் பெயர் சொல்லி எழுதியதும் "மொதல்ல தனியா பேசியிருக்கலாமே" என்று ஓடிவரும் நல்ல மனிதர்களை நான் நம்புவதில்லை.

2018 நவம்பரில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக விடுதியில் குளித்துக்கொண்டிருந்த மாணவியைச் சக மாணவன் ரகசியமாகப் படம்பிடித்தான். அவர் முறைப்படி போலீசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போனார். அவனுக்குக் கிடைத்தது 12 மாத நிபந்தனை எச்சரிக்கையும் ஒரு பருவ இடைநீக்கமும். 2019 ஏப்ரலில் அவர் இன்ஸ்டாகிராமில் எழுதினார். அதன் பிறகுதான் மறுஆய்வுக் குழு அமைந்தது, தண்டனைகள் கடுமையாயின, பாதிக்கப்பட்டவர்களுக்கென ஒரு பிரிவு வந்தது. அவரிடம் போய் 'தனியாகப் பேசு' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

சரி, இப்போது நம்ம ஆளுங்களிடம் ஒரு கேள்வி. செயற்பாட்டாளர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் முகநூலில் அன்றாடம் கிழித்துத் தொங்கவிடுவது யாரை? பெரும்பாலும் அமைச்சரை இல்லை, முதலாளியை இல்லை. திருநங்கைகளைக் குறிக்க ஒரு பழைய சொல்லைப் போட்டுவிட்ட 19 வயதுப் பையனை. போன மாதம்வரை கூட உட்கார்ந்து தே தாரே குடித்தவன். அவன் நம்பர் கையிலேயே இருக்கு. ஒரு போன் போட்டால் முடிந்திருக்கும். ஆனால் போனில் திருத்தினால் லைக் விழாதே!

கறுப்பினப் பெண்ணியவாதி லொரெட்டா ராஸ், 1970களில் வாஷிங்டனில் பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கான மையத்தை நடத்தியவர். தோழர்களைப் பகிரங்கமாக அவமானப்படுத்தும் பழக்கத்தைக் கண்டித்து 2019இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். நம் பெரியவர்கள் அந்தப் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். கைக்கு எட்டாத அதிகாரத்தில் இருப்பவர்களைப் பொதுவில் கேட்கலாம் என்று அவர் சொன்ன மறுபாதியை யாரும் பகிர்வதில்லை.

இங்கே எல்லாம் தலைகீழ். மேடையில் இருப்பவருக்கு மூடிய அறை, மரியாதை, டீ. கீழே நிற்பவனுக்கு ஸ்கிரீன்ஷாட்.

தனியாகப் பேசும் கடமை பாதிக்கப்பட்டவருடையது அல்ல. கை வைத்தவனிடம் போய் அவர் எதற்குப் பக்குவமாகப் பேச வேண்டும்? அவர் எங்கே பேசுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். அந்தக் கடமை பக்கத்தில் நிற்கும் நம்முடையது, அதுவும் சொல்லில் தவறிய தோழனிடம் மட்டும். அவன் கேட்கவில்லையா, திரும்பத் திரும்பச் செய்கிறானா, அப்புறம் எழுதுங்கள்.

அடுத்த தடவை ஒரு ஸ்கிரீன்ஷாட்டைப் பகிரச் சொன்னால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: இந்த ஆள் என்னைப் பழிவாங்க முடியுமா? முடியும் என்றால் தைரியமாகப் பகிருங்கள். முடியாது என்றால், அவனுக்குப் போன் போடுங்கள்.