சுண்ணாம்பு தடவிய தமிழ்

சங்கக் கவிதையில் மது பற்றி ஒரு பேராசிரியர் பேசக் கேட்டேன். கள், தேறல், நறவு, மட்டு, தோப்பி என்று ஒப்பித்துக்கொண்டே போனார். தேறல் எதிலிருந்து வடிகிறது, எப்படித் தெளிகிறது என்று கேட்டேன். அதெல்லாம் பண்பாட்டுக் குறியீடு என்றார். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியிருக்கிறார். நம் பண்டிதர்களுக்கு எண்ணிக்கை போதும். அவற்றில் எது தின்பதற்கு, எது மருந்துக்கு, எது ஊறப்போடுவதற்கு என்பதில் அக்கறையில்லை. புதுக்கவிஞர்களும் இவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. பூ என்றால் இவர்களுக்குப் படிமம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இளையரசனேந்தல் கரிசலுக்கு வாருங்கள். பூவிலிருந்து வடியும் மது எது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் பனம்பாளை என்பதே பூங்கொத்துதான். பனையேறி அதை இடுக்கியால் நசுக்கி, நுனி சீவி, கலயம் கட்டுகிறார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதனி. தடவாவிட்டால் சில மணி நேரத்தில் தானே புளித்துக் கள். ஒரே மரம், ஒரே பாளை. இடையில் இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. 1987 முதல் தமிழ்நாட்டில் அந்தச் சுண்ணாம்புதான் சட்டம்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று ஏளனமாகச் சொல்வோம். ஏளனம் எங்கே கொண்டுவந்து விட்டது பாருங்கள். சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகைக் காய்ச்சி, சாயமும் வாசனையும் சேர்த்து, 42.8 சதவீதச் சரக்காக அரசாங்கமே 2003 முதல் நேரடியாக விற்கிறது. ஆலைக் கழிவுக்கு ஹாலோகிராம் முத்திரை. மரத்தின் பூவுக்குக் கைவிலங்கு. இலுப்பையின் வடநாட்டு உறவான மகுவாவின் பூவைப் பொறுக்குவதற்கே பம்பாய் மாகாணத்தில் 1892இல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். அதே பூவில் ஆதிவாசிகள் காய்ச்சும் மதுவை இன்று மத்தியப் பிரதேசம் மரபு மது என்று அங்கீகரித்திருக்கிறது. நாம் இன்னும் பழமொழியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கள்ளக்குறிச்சியை மறந்துவிட்டாயா என்பார்கள். மறக்கவில்லை. 2024 ஜூனில் அங்கே 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைச் சரக்கு, பாளையில் ஊறுவதில்லை. கள்ளில் குளோரல் ஹைட்ரேட் கலந்து விற்றவர்களும் உண்டு. குடியால் அழிந்த வீடுகள் என் தெருவிலேயே உண்டு. அந்த வீட்டுப் பெண்கள் எல்லா மதுவையும் ஒழி என்று சொன்னால் நான் வாய் திறக்க மாட்டேன். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. கலப்படக்காரனை விட்டுவிட்டு மரத்தைத் தண்டித்த அரசுக்கும், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த இலக்கியவாதிக்கும் அந்த உரிமை கிடையாது.

என் கோபம் குடிக்காக மட்டும் இல்லை. அதியமான் ஔவைக்குக் கள் கொடுத்ததைப் பாடப்புத்தகத்தில் வைத்துப் பெருமைப்படுகிறோம். அதே கள்ளை இறக்குகிறவர் மேல் வழக்குப் போடுகிறோம். இரண்டும் ஒரே மொழியில் நடப்பது நமக்கு உறுத்தவில்லை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் எதுவும் புளிக்காது. நம் விமர்சனத்திலும் கவிதையிலும் வெகுநாளாக எதுவும் புளிக்கவில்லை. அடுத்த கருத்தரங்கைப் பனையடியில் வையுங்கள். பனையேறி பேசட்டும். பேராசிரியர் குறிப்பெடுத்துக்கொள்ளட்டும்.